மூளைத் தழும்பும் சிற்றாணைகளும்

வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குப் புதியதன்று. ஊரிலும் நாட்டிலும் அது நிகழக் கண்டிருக்கிறோம். மனித உடலினுள்ளும் அது நிகழ்வதுண்டு. புறத்தேயிருந்து வரும் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடவேண்டிய காவற்படையே திசைமாறி, தான் காக்கவேண்டிய உறுப்பையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. அங்ஙனம் தாக்கப்படும் உறுப்பு மூளையாயின், அதனால் விளையும் துன்பம் சொல்லுந்தரமன்று. அத்தகைய நோய் ஒன்றைப் பற்றியும், அந்நோயினால் மூளையில் உண்டாகும் சிதைவுகளினுள்ளே தொழிற்படும் மிக நுண்ணிய மூலக்கூறுகள் சிலவற்றைப் பற்றியும் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லேன். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையிற் காலங் கழித்தவன். ஆதலால், துறைபோகிய அறிஞர்கள் கண்டவற்றை எல்லோருக்கும் விளங்கும் சொற்களிற் கூறுவதே என் நோக்கம்.

நோயின் பெயர் மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ். 'ஸ்கிளெரோசிஸ்' என்பது இறுகித் தடித்துப்போதலைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல். 'மல்ட்டிப்பிள்' என்றாற் பல. மூளையிலும் முண்ணாணிலும் பல இடங்களிலே தடித்த தழும்புகள் உண்டாவதால் இப்பெயர் வந்தது. பல்தழும்பு நோய் என்று நாம் இதனைத் தமிழில் வழங்கலாம். 1868ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரின் சால்பெத்ரியே வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்க்கோ என்னும் பேரறிஞர், நோயாளர் உயிரோடிருந்தபோது கண்ட குறிகளையும், அவர் இறந்தபின் மூளையிற் கண்ட தழும்புகளையும் இணைத்துப் பார்த்து, இது தனியொரு நோய் என எடுத்துக்காட்டினார்.

இந்நோய் பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையில், வாழ்க்கை முழுமலர்ச்சி பெறும் பருவத்தில் வந்து சேர்கிறது. ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை சில நாள்களுள் மங்குகிறது. இன்னொருவருக்குக் காலில் விறைப்பு உண்டாகிறது. வேறொருவருக்கு நடை தள்ளாடுகிறது. பலருக்கு இக்குறிகள் சில கிழமைகளில் மறைந்துவிடும். நோய் நீங்கியது என்று மகிழ்ந்திருக்கையில், மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து மறுபடியும் வேறோர் இடத்திலே தலைதூக்கும். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். ஆண்களைப் போல இருமடங்கு பெண்கள் இதற்கு இலக்காகின்றனர். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதியாகவும், நிலநடுக்கோட்டை அண்டிய நம்முடையது போன்ற நாடுகளிற் குறைவாகவும் இது காணப்படுகிறது. அதனாற்றான் நேயர்களுட் பலர் இதன் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்நோய் எதனைத் தாக்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். நரம்புக்கலம் ஒவ்வொன்றிலிருந்தும் நீண்டதோர் இழை புறப்பட்டுச் செல்கிறது. செய்திகள் மின்துடிப்புகளாக அவ்விழை வழியே ஓடுகின்றன. மின்கம்பியைச் சுற்றி இறப்பர் உறை இருப்பதுபோல, இவ்விழைகளுட் பலவற்றைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புச் செறிந்த உறை உண்டு. இவ்வுறை இடைவெளிவிட்டு அமைந்திருப்பதால், மின்துடிப்பு ஓரிடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்கிறது. உறையில்லாத மெல்லிழையிற் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் வேகத்திற் செல்லும் செய்தி, நன்கு உறையிட்ட தடித்த இழையில் 100 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் பாய்கிறது. மூளையினுள் இவ்வுறையை நெய்து கொடுப்பவை ஒலிகோடென்ட்ரோசைற் எனப்படும் கலங்கள். இவற்றை உறைநெய் கலங்கள் என்போம். இவ்வாறான ஒரே கலம் தன் கைகளை நாற்றிசையும் நீட்டி, பத்துக்கணக்கான இழைகளுக்கு உறை சுற்றவல்லது.

பல்தழும்பு நோயில், இரத்தத்திலிருந்து மூளையினுட் புகுந்த காவற்கலங்கள் இந்த மயலின் உறையைத் தாக்குகின்றன. தின்கலங்கள் எனப்படுபவை உறையைக் கடித்து விழுங்குகின்றன. உறை போன இழையிற் செய்தி தளர்கிறது. சிலவேளை நின்றே விடுகிறது. உறையிழந்து நெடுங்காலம் கிடக்கும் இழை ஈற்றில் அறுந்தும் போகலாம். இவ்வாறு பாழ்பட்ட இடங்களை ஆராய்வோர் அவற்றை வகைப்படுத்துகின்றனர். தின்கலங்கள் நிறைந்து தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் இடத்தைக் கனலும் சிதைவு என்று நாம் கூறலாம். தாக்குதல் ஓய்ந்து, உறையற்ற இழைகளும் வடுவும் எஞ்சிய இடத்தை அணைந்த சிதைவு எனலாம்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. மூளை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றலை முற்றாக இழந்துவிடுவதில்லை. உறைநெய் கலங்களாக வளரத்தக்க இளங்கலங்கள் முதிர்ந்தோர் மூளையிலும் உள்ளன. சில சிதைவுகளில் அவை முன்வந்து, மெல்லிய புதிய உறையை நெய்துவிடுகின்றன. வேறு பல சிதைவுகளிலோ, இளங்கலங்கள் வந்து நின்றபோதும் தொழிலைத் தொடங்காமல் இருக்கின்றன. நெசவாளர் இருக்கிறார், நூலும் இருக்கிறது, தறி மட்டும் ஓடவில்லை. ஏன் ஓரிடத்திற் காவற்படை அடங்காமல் அழிக்கிறது? ஏன் இன்னோரிடத்தில் நெசவாளர் கைகட்டி நிற்கிறார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் ஆராய்ச்சியிலேதான் நாம் கூறவந்த நுண்ணிய மூலக்கூறுகள் புகுகின்றன.

அவற்றின் தொழிலை விளக்க ஓர் உவமை கூறுவேன். பெரிய திணைக்களம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் தலைமை அலுவலகத்திலே மூலப் பதிவேடு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதனை எவரும் வெளியே கொண்டுசெல்லுதல் இயலாது. வேண்டிய பக்கத்தைப் பிரதிசெய்து சுற்றுநிருபமாகக் கிளை அலுவலகங்களுக்கு அனுப்புவர். சுற்றுநிருபம் கையில் வந்ததும் அங்குள்ளோர் வேலையைத் தொடங்குவர். உயிர்க்கலத்திலும் இதுவே நடைமுறை. டி.என்.ஏ. என்பது மூலப் பதிவேடு. அதிலிருந்து படியெடுத்து வெளியே வரும் தூது ஆர்.என்.ஏ. என்பது சுற்றுநிருபம். அதனைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. அப்புரதங்களே கலத்தின் தொழில்களையெல்லாம் நடத்துகின்றன. ஒவ்வொரு கலத்திலும் பதிவேடு ஒன்றே. ஆயினும் எந்தச் சுற்றுநிருபம் வெளியே அனுப்பப்படுகிறது, அது எவ்வளவு நாள் செல்லுபடியாகும் என்பவற்றைப் பொறுத்தே ஒரு கலம் நரம்பாகவும் மற்றொன்று தசையாகவும் ஆகின்றது.

இனி, சுற்றுநிருபம் சென்றபின், அதன்மேல் ஒட்டுமாறு சிறு துண்டுக் கடதாசி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில், 'இதன்படி செய்யவேண்டாம்' என்றோ, 'குறைத்துச் செய்க' என்றோ எழுதியிருக்கிறது. மைக்கிரோ ஆர்.என்.ஏ. என்பது இத்துண்டுக் கடதாசியே. தூது ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நெடுந்தொடராயிருக்க, இதுவோ ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்டது. ஆகவே இதனைச் சிற்றாணை என்று பெயரிட்டு அழைப்பதிற் பிழையில்லை. தனக்குப் பொருந்தும் எழுத்துவரிசை எந்தச் சுற்றுநிருபத்தில் உள்ளதோ, அங்கே இது சென்று ஒட்டுகிறது. அவ்வாறு ஒட்டியதும் அச்சுற்றுநிருபம் படிக்கப்படாமற்போகிறது, அல்லது அழிக்கப்படுகிறது. ஒட்டுவதற்குச் சிற்றாணையின் முற்பகுதியிலுள்ள ஆறேழு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அதனால் ஒரே சிற்றாணை நூற்றுக்கணக்கான வெவ்வேறு சுற்றுநிருபங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். இக்கருத்தை நேயர்கள் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் வரப்போகும் நம்பிக்கைக்கும் எச்சரிக்கைக்கும் இதுவே அடிப்படை.

சிற்றாணையின் கண்டுபிடிப்பே ஒரு சுவையான வரலாறு. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள நூற்புழு ஒன்றின் வளர்ச்சியை அமெரிக்க அறிஞர் விக்ரர் அம்புரோஸ், கேரி ரவ்கன் ஆகியோர் ஆராய்ந்தனர். அப்புழுவின் வளர்ச்சியை ஒழுங்குசெய்யும் பரம்பரை அலகு ஒன்று புரதம் எதனையும் செய்யவில்லை. மிகக் குறுகிய ஆர்.என்.ஏ. ஒன்றையே அது தந்தது. அந்தக் குறும்படி இன்னொரு பரம்பரை அலகின் தூது ஆர்.என்.ஏ.யில் ஒட்டி அதனை அடக்குகிறது என 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புழுவுக்கே உரிய விநோதம் இது என்று உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் ரவ்கன் குழுவினர் கண்ட இரண்டாவது சிற்றாணையோ மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருப்பது தெரியவந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கிற் சிற்றாணைகள் கண்டறியப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் இலக்கமிடப்பட்டது. 2024ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

பல்தழும்பு நோயின் சிதைவுகளிலே இச்சிற்றாணைகள் எவ்வாறு உள்ளன? இவ்வினாவை 2009ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த யுங்கர், மைன்ல் முதலிய ஆராய்ச்சியாளர் கேட்டனர். உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டி ஆராய்தல் அரிது. ஆதலால் இத்தகைய ஆராய்ச்சிகள் பெரிதும் இறந்தோர் விட்டுச்சென்ற மூளைகளையே நம்பியுள்ளன. நோயுற்றோர் பலர், தாம் இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்குமாறு முன்கூட்டியே எழுதிவைக்கின்றனர். ஒல்லாந்தில் 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மூளை வங்கி இவ்வகைக் கொடைகளைப் பெற்றுப் பேணும் நிறுவனங்களுள் ஒன்று. தமக்குப் பயன்படாதென்று தெரிந்தும், பின்வருவோர்க்கு உதவட்டும் என்று கொடுத்தவர்களின் கொடையின்மேலேயே இவ்வறிவு எழுந்து நிற்கிறது.

மியூனிக் குழுவினர் கனலும் சிதைவுகளையும் அணைந்த சிதைவுகளையும் நலமான மூளைப் பகுதிகளோடு ஒப்பிட்டனர். கனலும் சிதைவிற் பல சிற்றாணைகள் மிகுந்திருந்தன. அவற்றுள் 34ஏ, 155, 326 என்னும் இலக்கங்களையுடைய மூன்றும் ஒரே புரதத்தின் சுற்றுநிருபத்தில் ஒட்டவல்லவை என்று கண்டனர். அப்புரதம் சீ.டி. 47 எனப்படும். நம் உடற் கலங்கள் தம் மேற்பரப்பில் இதனைத் தாங்கி நிற்கின்றன. தின்கலம் ஒன்று அருகே வரும்போது, 'நான் இவ்வீட்டைச் சேர்ந்தவன். என்னை விழுங்காதே' என்று அறிவிக்கும் அடையாளச்சீட்டு இது. மூன்று சிற்றாணைகளும் மிகுந்தால் இவ்வடையாளச்சீட்டுக் குறைகிறது. சீட்டில்லாதவனைக் காவலன் பிடிப்பது போலத் தின்கலம் தடையின்றி மயலினை விழுங்கத் தொடங்குகிறது. கனலும் சிதைவிலே தின்கலங்கள் ஏன் கட்டுக்கடங்காமற் போகின்றன என்னும் வினாவிற்கு இது தகுந்ததொரு விளக்கமாய் அமைந்தது. மேலும், 155ஆம் இலக்கச் சிற்றாணை காவற்கலங்களில் மட்டுமன்றி, மூளையின் சொந்தக் குடிகளான நட்சத்திர வடிவக் கலங்களிலும் காணப்பட்டது. கலகத்திற்கு வெளியார் மட்டுமே பொறுப்பல்லர் என்பதை இது காட்டுகிறது.

ஆயினும், ஓரிடத்தில் ஒரு பொருள் மிகுந்திருப்பதனால் அதுவே அங்கு நேர்ந்த கேட்டிற்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. தீப்பிடித்த வீட்டருகே தண்ணீர் வாளிகள் மிகுந்திருக்கும். வாளிகளா தீ வைத்தன? சிற்றாணை தீயா, வாளியா என்றறிய வேறு வகைச் சோதனை வேண்டும். பல்தழும்பு நோயை ஒத்ததொரு நோயைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்ப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். 155ஆம் இலக்கச் சிற்றாணை பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளில் இந்நோய் எளிதில் மூளவில்லை என்று 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 326ஆம் இலக்கத்தைப் பற்றியோ, அது தாக்கும் இயல்புடைய ஒருவகைக் காவற்கலங்களைப் பெருக்குகிறது என்றும், அதனை அடக்கினாற் சுண்டெலிகளில் நோய் தணிகிறது என்றும் 2009ஆம் ஆண்டிலே சீன ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆகவே இவ்விரண்டும் வெறும் வாளிகளல்ல. தீயை வளர்க்கும் விறகுகளே என்று கொள்ள இடமுண்டு.

இனிக் கைகட்டி நின்ற நெசவாளரிடம் வருவோம். இளங்கலம் ஒன்று முதிர்ந்து உறைநெய் கலமாவதற்கு, 'இன்னும் வளர்ந்து பெருகு' என்று கூறும் பழைய சுற்றுநிருபங்கள் நிறுத்தப்படல் வேண்டும். அவற்றை நிறுத்துவன 219, 338 என்னும் இரு சிற்றாணைகள் என 2010ஆம் ஆண்டில் இரு அமெரிக்கக் குழுக்கள் கண்டன. அணைந்த சிதைவுகளிலே இவ்விரண்டும் குறைந்திருப்பதை மியூனிக் குழுவினர் முன்னரே கண்டிருந்தனர். இங்கும் அதே ஐயம் எழும். உறைநெய் கலங்கள் அழிந்துபோனதால் அவற்றின் சிற்றாணைகளும் குறைந்தனவோ? இருக்கலாம். ஆனால் 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மறுபக்கத்திற்கு வலுவூட்டியது. மயலின் சிதைக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு 219ஆம் இலக்கச் சிற்றாணையைப் போலச் செய்த மூலக்கூற்றைக் கொடுத்தபோது, புதிய உறை நெய்யப்படுதல் முன்னேறியது. நின்ற தறியை மீண்டும் ஓட்டலாம் என்பதற்கு இது நற்குறியாகும்.

இவற்றைக் கேட்கும்போது, மிகுந்த சிற்றாணையைக் குறைத்து, குறைந்த சிற்றாணையைக் கூட்டினால் நோய் தீர்ந்துவிடாதோ என்று எவருக்கும் தோன்றும். அவ்வாறு எளிதில் முடியாதென்பதற்கு 124ஆம் இலக்கச் சிற்றாணை சான்று. மூளையிலே குடியிருக்கும் சிறு காவற்கலங்களில் இது அவற்றை அமைதியாக வைத்திருக்கிறது. சுண்டெலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது நோய் தணிந்தது என்று 2011ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆகவே இது நண்பன் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2013ஆம் ஆண்டில், பல்தழும்பு நோயால் இறந்தோரின் மூளையில் ஞாபகத்திற்கு உரிய ஹிப்போகம்பசு என்னும் பகுதியை ஆராய்ந்தோர் வேறொன்று கண்டனர். மயலின் இழந்த இடங்களில் நரம்புக்கலங்களுள் இதே 124 மிகுந்திருந்தது. ஞாபகத்திற்கு வேண்டிய சில வாங்கிப் புரதங்கள் அங்கே குறைந்திருந்தன. காவற்கலத்தில் அமைதி தரும் அதே ஆணை, நரம்புக்கலத்தில் மறதிக்குத் துணைபோகிறது. ஒரே கட்டளை ஒரு வகுப்பிற் கட்டுப்பாட்டையும் மற்றொரு வகுப்பிற் குழப்பத்தையும் விளைவிப்பதைப் பாடசாலை நடத்தியோர் நன்கறிவர். எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைவிட, எந்தக் கலத்திற்குக் கொடுக்கவேண்டும் என்பதே இங்குப் பெரிய வினா.

இது வெறும் ஊகத்தில் எழுந்த அச்சமன்று. கனலும் சிதைவில் மிகுந்திருந்த 34ஏ என்னும் சிற்றாணை, புற்றுநோயை அடக்கும் ஆற்றலுடையது. ஆதலால் அதனைப் போலச் செய்த மருந்தைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தனர். நோயெதிர்ப்புப் படை கடுமையாகக் கிளர்ந்தெழுந்து பெருந்தீங்கு நேரவே, 2016ஆம் ஆண்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு சிற்றாணை நூறு சுற்றுநிருபங்களைத் தொடவல்லது என்று முன்னர்க் கூறினேன். நாம் விரும்பிய ஒன்றை நிறுத்தும்போது, விரும்பாத தொண்ணூற்றொன்பதும் அசைந்துவிடக்கூடும். பல்தழும்பு நோய்க்குச் சிற்றாணை மருந்து எதுவும் இன்றுவரை வைத்தியர் கையிற் பயன்பாட்டிற்கு வரவில்லை. இரத்தத்திலுள்ள சிற்றாணைகளை அளந்து நோயின் போக்கை முன்னறிய முயல்கின்றனர். அதுவும் இன்னும் வழக்கமான சோதனையாகவில்லை.

எனவே, இவ்வாராய்ச்சியாற் கிடைத்த பயன் யாது? நோயைப் பற்றிய நம் எண்ணமே மாறியிருக்கிறது. சார்க்கோவின் காலத்திற் சிதைவு என்பது இறந்தபின் மூளையிற் காணும் இறுகிய வடு. இன்று அதனை, சில ஆணைகள் மிகுந்தும் சில ஆணைகள் குறைந்தும் நிருவாகம் குலைந்துபோன இடமாகக் காண்கிறோம். இறுகிய வடுவைக் குறித்து வைத்தியர் செய்யத்தக்கது சிறிதே. குலைந்த நிருவாகத்தையோ மீண்டும் ஒழுங்குசெய்ய முயலலாம். நரம்பிழை அறுந்துபோகுமுன் உறையை நெய்துவிட்டால், கால் மறுபடி நடக்கும். கண் மறுபடி காணும். காவற்படையை அடக்கும் மருந்துகள் பல உள்ளன. 1993ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இன்ரபெரோன் முதற்கொண்டு, நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. அழிந்த உறையை மீள நெய்விக்கும் மருந்தையே உலகம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறது. அதற்கான வழிகளுள் ஒன்றைச் சிற்றாணைகள் சுட்டிக்காட்டுகின்றன.

இறுதியாக, இந்நோய் கண்டவர்களுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் ஒன்று கூறவேண்டும். புதிய கண்டுபிடிப்பின் பெயரைச் சொல்லி, நோயை வேரோடு களைவோம் என்று பணம் பறிப்போர் எந்நாட்டிலும் உண்டு. சுண்டெலியிற் கிடைத்த வெற்றி மனிதரிடத்து நிறைவேற நெடுங்காலம் செல்லும்; சிலவேளை நிறைவேறாமலும் போகும். அதற்காக மனம் தளர்ந்து, கைவசமுள்ள மருந்துகளைக் கைவிடுதலும் தகாது. தாக்குதலைத் தொடக்கத்திலேயே அடக்கும் அளவிற்கு நரம்பிழைகள் பிழைக்கின்றன. இளவயதினர் ஒருவருக்குக் கண்பார்வை திடீரென மங்கினாலோ, கைகால் விறைப்பு நாட்கணக்கில் நீடித்தாலோ, களைப்பென்று கருதி வாளாவிராமல், நரம்பு வைத்திய நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். நம் நாட்டில் இந்நோய் அரிதுதான். ஆனால் அரிதென்பதனாலேயே, வந்தவரிடத்து அது இன்னதென்று அறியப்படாமல் ஆண்டுகள் கழிந்துவிடக்கூடாது.